பழைய படகில் ஜிபிஎஸ், எக்கோ, வயர்லெஸ்: பழைய வயரிலேயே மாட்டுவதா, புதிதாக இழுப்பதா?

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகு கைமாறுவதும் மராமத்து நடப்பதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று எங்கே போய்ப் பழைய படகு பார்த்தாலும் விற்பவர் சொல்வது ஒரே பேச்சுதான்: "ஜிபிஎஸ், எக்கோ, வாக்கி டாக்கி எல்லாம் இருக்கு தம்பி. அப்படியே எடுத்துக் கடலுக்குப் போகலாம்." இடம் காட்டும் ஜிபிஎஸ், ஒலி அனுப்பி ஆழம் காட்டும் எக்கோ, பேசும் வயர்லெஸ் எல்லாம் இருக்கும்தான். ஸ்விட்சைப் போட்டால் எரியும்தான். ஆனால் நடுக்கடலில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் அந்த ரெண்டு நொடியிலும் எரியுமா?

படகு வாங்கும்போது எல்லோரும் பலகையைத் தட்டிப் பார்க்கிறார்கள், எஞ்சின் ஆயிலை விரலில் தொட்டுப் பார்க்கிறார்கள். படகு ஓட்டுபவர் நிற்கும் வீல் ஹவுஸின் பலகையைக் கழற்றி உள்ளே ஓடும் வயரைப் பார்ப்பவர் குறைவு. கழற்றிப் பாருங்கள். வீட்டுக்கு இழுக்கிற சிவப்பு வயர் ஒன்று, அதோடு முறுக்கிவிட்ட பைக் வயர் ஒன்று, மேலே நாலு சுற்று இன்சுலேஷன் டேப். வெயிலில் டேப்பின் பசை இளகிக் கையில் ஒட்டும். பிரித்தால் செம்பு கறுத்திருக்கும், இல்லையென்றால் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். நுனி மட்டும் கறுத்திருந்தால் பரவாயில்லை, வெட்டிவிட்டுப் புது முனை போடலாம். ஒரு சாண் தள்ளி உறையைச் சீவிப் பார்த்தாலும் உள்ளே கறுப்பாகவே இருந்தால், உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த வயருக்கு வைத்தியம் கிடையாது.

படகை வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, புது செட்டு வாங்க ஆசை இருக்கிறது. மூன்று வழிகள் உண்டு. பழைய வயரை அப்படியே வைத்து செட்டை மட்டும் மாற்றலாம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து வயரிங் பண்ணலாம். அல்லது எஞ்சின் வயரிங்கைத் தொடாமல், செட்டுகளுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து தனி லைன் இழுக்கலாம். என் கட்சி மூன்றாவது. ஏன் என்பதையும், எந்தப் படகுக்கு அது பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

பழைய வயரிலேயே மாட்டினால்

ஒரு பொழுதில் வேலை முடியும், செலவு சொற்பம். பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் வைத்த சின்னப் படகான வல்லத்தில் ஒரு சின்ன ஜிபிஎஸ், ஒரு விளக்கு, அவ்வளவுதான் என்றால், வயரும் நன்றாக இருந்தால், இதுவே போதும். வீண் செலவு வேண்டாம்.

விசைப்படகில் கதை வேறு. பேட்டரி எஞ்சின் அறையில் இருக்கும், செட்டு வீல் ஹவுஸில் இருக்கும். வயர் ஓடும் தூரம் 6 மீட்டர் என்றால், போக வர 12 மீட்டர். படகுக்குப் படகு பேசும் வயர்லெஸ்ஸான 25 வாட் விஎச்எஃப் செட்டு, பேசுவதற்குப் பட்டனை அழுத்தினால் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் அந்த 12 மீட்டரிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். 2.5 வயரில் 0.4 வோல்ட், 4 வயரில் கால் வோல்ட் சொச்சம். அமெரிக்காவில் படகு மின்வேலைக்குத் தரம் வகுக்கும் ஏபிஒய்சி, வழிகாட்டும் கருவிகளுக்குப் போகும் லைனில் 3 சதவீதத்துக்கு மேல் இழப்பு கூடாது என்கிறது. 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட். ஆக 2.5 கொஞ்சம் பத்தாது, 4 போட்டால் நிம்மதி. இந்தக் கணக்கெல்லாம் புதுச் செம்புக்கு. களிம்பு பூத்த முறுக்கு ஜாயிண்ட் நாலு இடத்தில் இருந்தால் எவ்வளவு கரையும் என்று யாரும் கணக்குப் போட முடியாது. இன்றைக்கு அரை வோல்ட், அலையில் படகு ஆடினால் 2 வோல்ட்.

இதனால் வரும் கோளாறு விசித்திரமாக இருக்கும். செட்டு கேட்கும், பேச மட்டும் முடியாது. கேட்பதற்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம், பேசத்தான் 5 ஆம்பியர் வேண்டும். பட்டனை அழுத்தியதும் செட்டு அணைந்து எரியும். "செட்டு பழுதுண்ணே" என்று கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். கடை மேசையில் அது தங்கமாக வேலை செய்யும். இப்படி நல்ல செட்டைக் கழித்துவிட்டுப் புது செட்டு வாங்கி, அதையும் அதே வயரில் மாட்டியவர்கள் நம் கடற்கரையில் நிறையவே இருக்கிறார்கள்.

முழுசாகப் பிடுங்கிப் போட்டால்

ஆசைக்கு நல்ல வழி. மரப்படகு, எஞ்சினையே இறக்கி மராமத்து பார்க்கிறீர்கள், பலகை மாற்றுகிறீர்கள் என்றால் இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. செய்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். எஞ்சினோடு வந்த வயரிங்கில் ஸ்டார்ட்டர், டைனமோ, எஞ்சினை நிறுத்தும் சோலினாய்டு, ஆயில் பிரஷர், சூடு காட்டும் மீட்டர் எல்லாம் இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும். அதில் கை வைத்தால் இருக்கிற கோளாறு போய் இல்லாத கோளாறு வரும். இன்னொன்று நாள் கணக்கு. தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது எலெக்ட்ரீசியன் வேறு படகுக்குப் போய்விடுவார். பாதி வயர் தொங்க, ஜூன் 14 ராத்திரி ஐஸ் ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ராத்திரியில் போடும் தற்காலிக ஜாயிண்டுதான் அடுத்த தடைக்காலம் வரை நிரந்தரம்.

தனி லைன்

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஃபியூஸ், அடுத்து ஒரு மெயின் ஸ்விட்ச், அங்கிருந்து தடித்த வயர் வீல் ஹவுஸுக்கு. வீல் ஹவுஸில் ஆறு அல்லது எட்டு ஃபியூஸ் கொண்ட பெட்டி ஒன்று, நெகட்டிவ் எல்லாம் வந்து சேரும் பித்தளைக் கட்டை ஒன்று. ஒவ்வொரு செட்டுக்கும் அதன் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவில் தனி ஃபியூஸ். இவ்வளவுதான் விஷயம். சிக்கல் இருப்பது அதைச் செய்யும் முறையில்.

முதல் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏபிஒய்சி சொல்லும் கணக்கு, பொதுவாக 7 அங்குலத்துக்குள். நம் ஆட்கள் இதை வீல் ஹவுஸில் செட்டுக்குப் பக்கத்தில் போடுவார்கள், மாற்ற வசதி என்று. ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. எஞ்சின் அறைக்குள் வயர் எங்காவது உரசி உறை கிழிந்து ஷார்ட் ஆனால், வீல் ஹவுஸில் இருக்கும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. பேட்டரியின் முழுக் கரண்டும் அந்த வயரில் பாயும், வயர் அடுப்புக் கம்பியாகிவிடும். பக்கத்தில் டீசல், மரப்பலகை. மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

வயர், ஈயம் பூசிய செம்பாக இருந்தால் நல்லது. வெள்ளி மாதிரி வெளுத்திருக்கும். எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியிருக்கும். கிடைக்கவே இல்லையென்றால் பல இழை கொண்ட வண்டி வயரைப் போட்டு, முனைகளை நன்றாக அடைத்து, சில வருஷத்தில் மாற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கம்பியாக வரும் வீட்டு வயர் மட்டும் வேண்டாம். எஞ்சின் அதிர்விலேயே முறிந்துவிடும்.

முனைக்கு சால்டர் வைப்பதா, லக்கு (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) போட்டு நெரிப்பதா என்று கேட்பார்கள். சால்டர் வைத்த இடம் விறைத்துவிடும். விறைப்பு முடிந்து இழை தொடங்கும் எல்லையில் அதிர்வு அறுக்கும். அதனால் லக்கு. கொறடால் நசுக்காமல், அதற்கென்று இருக்கும் கிரிம்பிங் கருவியால் நெரியுங்கள். நெரித்ததும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், கழன்று வந்தால் இப்போதே வரட்டும். அதன் மேல் உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடு காட்டினால், குழாய் சுருங்கி, ரெண்டு ஓரத்திலும் பசை ஒரு சொட்டு பிதுங்கி வெளியே வரும். அது வந்தால்தான் அடைபட்டது என்று அர்த்தம். டேப் இதற்கு ஈடாகாது.

செட்டுக்குள் நுழையும் முன் ஒவ்வொரு வயரையும் ஒரு தொங்கல் விட்டு, கீழிருந்து மேலே ஏற்றிச் சொருகுங்கள். தண்ணீர் வயர் வழியே வழிந்து வந்தால் தொங்கலில் சொட்டிவிடும். பழைய வயர்களை பாதியில் வெட்டி அப்படியே விடாதீர்கள், முடிந்தவரை உருவி எடுங்கள். முடியாததை ரெண்டு முனையும் அடைத்து, செத்த வயர் என்று சீட்டு கட்டுங்கள். அடுத்த வருஷம் யாரோ ஒருவர் அதில் கரண்ட் கொடுத்துப் பார்ப்பார்.

பேட்டரி ஒன்றா, ரெண்டா?

ஸ்டார்ட்டர் சுற்றும்போது 12 வோல்ட் பேட்டரி 9, 10 வோல்ட்டுக்கு இறங்குவது சகஜம். பல ஜிபிஎஸ் செட்டுகள் 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் அணைந்து மறுபடி தொடங்கும். அது எழுந்து, சாட்டிலைட்டைப் பிடித்து, படகு எங்கே நிற்கிறது என்று காட்ட ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும். கரையோரம் என்றால் பொறுக்கலாம். ராத்திரி வலை இழுத்துக்கொண்டு, நீரோட்டம் கிழக்கே தள்ளும்போது, கச்சத்தீவுப் பக்கம் நின்றுகொண்டு அந்த ரெண்டு நிமிஷம் பெரிய விஷயம். எல்லை தாண்டிப் பிடிபட்ட படகு திரும்பி வருவது அரிது என்பது ராமேசுவரத்தில் சின்னப் பையனுக்கும் தெரியும்.

அதனால் விசைப்படகுக்கு ரெண்டு பேட்டரி. எஞ்சினுக்கு ஒன்று, செட்டுகளுக்கு ஒன்று. நடுவே கைச் சுவிட்ச் போடலாம், தானாகச் சேர்த்துப் பிரிக்கும் ரிலேயும் போடலாம். கைச் சுவிட்ச் மலிவு, கெட்டுப்போகாது. ஆனால் டிரைவர் ஒரு நாள் ரெண்டையும் சேர்த்து வைத்துவிட்டு மறந்துபோவார். ரிலே, டைனமோ சார்ஜ் ஏற்றும்போது மட்டும் ரெண்டையும் சேர்க்கும், எஞ்சின் நின்றதும் பிரித்துவிடும். நான் ரிலேக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

24 வோல்ட் எஞ்சின் உள்ள படகில் ஒரு பழக்கம் இருக்கிறது. தொடராக நிற்கும் ரெண்டு 12 வோல்ட் பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து செட்டுக்குக் கொடுப்பார்கள். ஒரு பேட்டரி எப்போதும் அரைச் சார்ஜிலேயே கிடக்கும், இன்னொன்றுக்கு அளவுக்கு மீறி ஏறும். கடைசியில் ரெண்டும் கெடும். அப்புறம் பேட்டரிக் கடைக்காரரைத் திட்டுவார்கள். ஜிபிஎஸ், எக்கோ செட்டுகள் பலவும் 24 வோல்ட்டையும் தாங்கும், பின்பக்கத் தகட்டில் போட்டிருக்கும். விஎச்எஃப் பெரும்பாலும் தாங்காது, அதற்கு 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்கிவிடுங்கள்.

கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் அவுட்போர்டு வல்லத்தில் சார்ஜ் ஏறுவதே பெரும்பாலும் இல்லை. சின்ன செட்டு 1 ஆம்பியர் தின்றால், 8 மணி நேரத்துக்கு 8 ஆம்பியர் மணி. சாதாரண பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி பண்ணினால் சீக்கிரம் கெடும். ஆக 20 ஆம்பியர் மணி பேட்டரியும், 40 வாட் சோலார் பலகை ஒன்றும், அதற்கொரு சார்ஜ் கன்ட்ரோலரும். நம் ஊர் வெயிலுக்கு அது தாராளம்.

எந்தக் கடல்?

வயரிங் எல்லாருக்கும் ஒன்றுதான். செட்டு அப்படி இல்லை. வடகடலுக்குப் போகிறவரும் தென்கடலுக்குப் போகிறவரும் ஒரே செட்டை வாங்குவது, கடைக்காரருக்குத்தான் லாபம்.

வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், பெரும்பாலான இடத்தில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. அதற்கு 1000 வாட் எக்கோ எதற்கு? 200 கிலோஹெர்ட்ஸ் இருக்கும் சாதாரண எக்கோ போதும். அந்த அலைவரிசை ஆழம் குறைந்த கடலில் தரையைத் துல்லியமாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழத்துக்கானது. வடகடலுக்குப் போகிறவர் பணத்தை ஜிபிஎஸ்ஸில் போடட்டும். வெயிலில் தெளிவாகத் தெரியும் திரை, எல்லைக்கோடு பதிந்த வரைபடம். 1974 ஒப்பந்தத்தின் கோடு பாக் நீரிணையிலிருந்து ஆதம் பாலம் வரை, 1976 ஒப்பந்தத்தின் கோடு மன்னார் வளைகுடாவுக்கு. உங்கள் செட்டு இதைக் காட்டுகிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். காட்டினாலும், அதற்கு ஒரு கடல் மைல் இந்தப் பக்கம் நீங்களாக ஒரு கோட்டைப் போட்டு, அலாரம் வையுங்கள். செட்டின் உள்ளே இருக்கும் பீப் சத்தம் டீசல் எஞ்சின் இரைச்சலில் யார் காதிலும் விழாது. பல செட்டுகளின் பின்னால் அலாரத்துக்கென்று ஒரு வயர் சும்மா தொங்கும், அதை யாரும் இணைப்பதில்லை. ஒரு ரிலே வைத்து அதில் பெரிய பஸ்ஸர் ஒன்றை மாட்டுங்கள். மொத்த வேலையிலும் மலிவானது இது, பலன் பெரியது.

தென்கடலில், மன்னார் வளைகுடாவில், தீவுகளைத் தாண்டினால் தரை சரிந்து ஆழம் கூடிக்கொண்டே போகும். பார் (கடலடிப் பாறை) தேடித் தூண்டில் போடுபவர்களுக்கு எக்கோதான் கண். இங்கே 50, 200 ரெண்டும் உள்ள செட்டு, முடிந்தால் பல அலைவரிசைகளைச் சேர்த்து அனுப்பும் சிர்ப் வகை, கொடுத்த காசுக்குத் தகும். 1986-ல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் இந்தப் பக்கம்தான். அவற்றின் எல்லைகளையும் ஜிபிஎஸ்ஸில் பதிந்துகொள்வது வனத்துறையோடு வரும் தகராறைத் தவிர்க்கும்.

ஏஐஎஸ், அதாவது படகு இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள கப்பல்களின் திரையில் காட்டும் கருவி, வேண்டுமா என்ற கேள்விக்கும் கடலைப் பார்த்துத்தான் பதில். பெரிய கப்பல்கள் வடகடலுக்குள் வருவதில்லை, ஆழம் இல்லாததால் இலங்கையைச் சுற்றிப் போய்விடும். தென்கடலில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்து போகும் கப்பல்கள் உண்டு. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர்ப் பக்கம் ராத்தங்கல் தொழில் பண்ணும் படகுக்கு, கப்பல் தன்னைப் பார்க்கும்படி சிறு படகுகளுக்கான பி வகை ஏஐஎஸ் ஒன்று இருப்பது நல்லது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு என்று கொடுக்கும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் வேறு, இது வேறு. அது சாட்டிலைட் வழியே கரைக்குச் செய்தி அனுப்பும், புயல் எச்சரிக்கையை வாங்கித் தரும். எதிரே வரும் கப்பலின் திரையில் உங்களைக் காட்டாது. ஒன்று இருக்கிறது, இன்னொன்று எதற்கு என்று விட்டுவிட வேண்டாம்.

எக்கோவும் ஜிபிஎஸ்ஸும் ஒரே திரையில் வரும் செட்டா, தனித்தனியா? வல்லத்துக்கு ஒரே செட்டு, இடமும் இல்லை, கரண்டும் மிச்சம். விசைப்படகுக்குத் தனித்தனி. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். போனை நம்பிக்கொள்ளலாமா என்றால், டவர் இல்லாவிட்டாலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் சரி. ஆனால் உச்சி வெயிலில் சூடேறி அணைந்துவிடும். ஈரக் கைக்குத் திரை கேட்காது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி அனுப்பும். மூன்றாவது துணையாக இருக்கட்டும்.

எக்கோவின் டிரான்ஸ்டியூசரை எங்கே வைப்பது?

டிரான்ஸ்டியூசர் என்பது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகம். பணம் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான். படகின் அடித்தளம் எதனால் ஆனது என்பதே முதல் கேள்வி.

கெட்டியான பைபர் அடித்தளம் என்றால் துளையே போடாமல் உள்ளேயிருந்து ஒட்டிவிடலாம். ஒலி பைபரை ஊடுருவிப் போகும், கொஞ்சம் பலம் குறையும், அவ்வளவுதான். நம் ஆழத்துக்கு அது பொருட்டில்லை. ஒட்டும் முன் ஒரு சோதனை. கெட்டியான பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் விட்டுக் கட்டி, அடித்தளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒட்டப்போகும் இடத்தில் பையை வைத்து அழுத்துங்கள். படகு மிதந்துகொண்டிருக்க வேண்டும். திரையில் ஆழம் வருகிறதா பாருங்கள். பக்கத்திலேயே நூலில் ஈயக் குண்டு கட்டி இறக்கி, பாகம் (இரு கை விரித்த நீளம்) கணக்கில் அளந்து சரிபாருங்கள். வந்தால் அங்கேயே எப்பாக்ஸி போட்டு ஒட்டலாம், பசைக்குள் காற்றுக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது. வராவிட்டால் அந்த இடத்தில் ரெண்டு பைபர் அடுக்குக்கு நடுவே ஃபோமோ மரமோ இருக்கிறது, வேறு இடம் பாருங்கள்.

மரப்படகில் இது நடக்காது. மேலே பைபர் பூசியிருந்தாலும் நடக்காது, உள்ளே இருப்பது மரம். ஒரு கடைக்காரர், பைபர் பூசிய மரப்படகு ஒன்றில் உள்ளே ஒட்டிக் கொடுத்துவிட்டு, செட்டுக்கு "சாஃப்ட்வேர் அப்டேட்" வேண்டும் என்று சொல்லி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். மரத்துக்குள் நுழைந்த ஒலியை எந்த அப்டேட்டும் மீட்டுத் தராது. மரத்துக்கு, அடிவழியே துளைத்துப் போடும் வெண்கல உடல் கொண்ட டிரான்ஸ்டியூசர்தான் சரி. பிளாஸ்டிக் உடலைத் துளைத்துப் போடக் கூடாது. மரம் தண்ணீரில் ஊறி உப்பும்போது நெரித்து உடைத்துவிடும், அப்புறம் படகின் அடியில் திறந்த துளைதான் இருக்கும். இரும்புப் படகு என்றால் வெண்கலம் ஆகாது, துருவை வேகப்படுத்தும், ஸ்டெயின்லெஸ் கேளுங்கள்.

மணலில் இழுத்து ஏற்றும் வல்லத்துக்கு அடியில் துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் மூன்று நாள் தாங்காது. அதற்குப் பின்பலகையில், தட்டினால் மேலே மடங்கும் தாங்கியில் மாட்டுவதே வழி. பின்னாலிருந்து பார்க்கும்போது ஃபேன் (புரொப்பெல்லர்) வலமாகச் சுற்றும் எஞ்சின் என்றால், வலது பக்கம் மாட்டுங்கள். இறக்கை அந்தப் பக்கம் கீழ்நோக்கி இறங்குவதால் நுரை குறைவு. ஃபேனிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். நுரை பட்டால் ஓடும்போது திரை வெறிச்சோடிவிடும்.

டிரான்ஸ்டியூசர் கேபிள் நீளமாக இருக்கிறது என்று வெட்டாதீர்கள். மீதியைச் சுருட்டிக் கட்டிவையுங்கள். டைனமோ வயரோடு சேர்த்து ஒரே குழாயில் விடாதீர்கள், திரையில் மழை பெய்யும்.

வயர்லெஸ்

கையில் பிடிக்கும் 5 வாட் செட்டுக்கும், பொருத்தி வைக்கும் 25 வாட் செட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வாட்டில் பார்ப்பதைவிட ஆன்டெனா உயரத்தில் பார்க்க வேண்டும். விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். ரெண்டு படகிலும் ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 9 கடல் மைல் வரை பேசலாம். ரெண்டு பேரும் வல்லத்தில் உட்கார்ந்து, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கைச்செட்டைப் பிடித்தால் 5 மைல் சொச்சம்தான். விசைப்படகுக்குப் பொருத்தும் செட்டு, கூடவே ஒரு கைச்செட்டு. பேட்டரி அறைக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் கையில் இருப்பதுதான் பேசும். பாம்பன் பாலத்துக்கு அடியில் போய் வரும் படகு என்றால் ஆன்டெனாவை மடக்கும் தாங்கியில் வையுங்கள்.

பழைய படகில் செட்டைப் பார்க்காமல் விட்டாலும் ஆன்டெனா கேபிளை மட்டும் பார்க்காமல் விடாதீர்கள். வெளியே நன்றாகத்தான் தெரியும். கனெக்டரைத் திறந்து, உள்வலையைப் பாருங்கள். கறுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால், பேசும் சக்தியில் பெரும்பகுதி அங்கேயே செத்துவிடும்.

எல்லாம் மாட்டியபின் ஒரு சோதனை. சத்தமில்லாத ஒரு சேனலில் வைத்து, இரைச்சல் நிற்கும் அளவுக்கு மட்டும் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழைத் திருப்பி, படகின் எல்இடி விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஏதாவது ஒன்றைப் போட்டதும் செட்டு இரைந்தால், அந்த விளக்குதான் உங்கள் காதை அடைக்கிறது. மலிவான எல்இடி விளக்குகள் விஎச்எஃப்பையும் ஏஐஎஸ்ஸையும் கெடுப்பதாக அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-லேயே எச்சரித்தது. விளக்கை மாற்றுவதுதான் தீர்வு.

யாரை வைத்துச் செய்வது?

வீட்டு எலெக்ட்ரீசியனுக்கு 230 வோல்ட் தெரியும், 12 வோல்ட்டில் வயர் தடிமனின் அருமை தெரியாது. கார் எலெக்ட்ரீசியனுக்கு 12 வோல்ட் அத்துப்படி. ஆனால் காரில் நெகட்டிவ் பாடி வழியே திரும்பும், படகில் அப்படி ஒரு பாடி கிடையாது, எல்லாவற்றுக்கும் ரெண்டு வயர் வேண்டும். அதைச் சொல்லிவிட்டால், மேலே சொன்ன தனி லைனை நல்ல கார் எலெக்ட்ரீசியன் அழகாகப் போட்டுவிடுவார். அடித்தளத்தைத் துளைக்கும் வேலை மட்டும் படகு கட்டும் ஆசாரியிடம்தான்.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன், எல்லா செட்டையும் போட்டுவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஒன்றும் அணையக் கூடாது. ஒருவர் விஎச்எஃப்பில் பட்டனை அழுத்திக்கொண்டிருக்க, செட்டின் முதுகில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் இருப்பதற்கும் இங்கே இருப்பதற்கும் 0.36 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேலை முடியவில்லை.

படகோடு வந்த பழைய செட்டை வைத்துக்கொள்வதானால் காகிதத்தையும் பார்க்க வேண்டும். ஏஐஎஸ்ஸிலும், சிவப்புப் பட்டனை அழுத்தினால் ஆபத்து அழைப்பு அனுப்பும் டிஎஸ்சி வசதியுள்ள விஎச்எஃப்பிலும், எம்எம்எஸ்ஐ எனும் 9 இலக்க அடையாள எண் பதிந்திருக்கும், நம் நாட்டு எண் 419 என்று தொடங்கும். பெரும்பாலான செட்டுகளில் அதை ஒரு தரம்தான் பதிய முடியும். பழைய உரிமையாளர் பெயரில் உள்ள எண்ணோடு சிவப்புப் பட்டனை அழுத்தினால், தேடுபவர்களுக்குக் கிடைப்பது அவருடைய விவரம்தான், உங்களுடையது இல்லை. செட்டு விற்பனையாளரிடம் கொடுத்து அழித்து, உரிமத்தோடு புது எண் போட வேண்டும். டிரான்ஸ்பாண்டரும் ஆபத்துச் செய்தி அனுப்பும் டாட் கருவியும் அப்படியே. படகுப் பதிவை உங்கள் பெயருக்கு மாற்ற மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போகும் அன்றைக்கே, கருவிகளின் எண்களையும் எழுதி எடுத்துப்போய்க் கூடவே மாற்றிவிடுங்கள்.